தங்கப்புஷ்பத்தின் கட்டியும் கானல்குளத்துக் குழாய்களும்

கானல்குளத்துக்குத் தண்ணீர் வந்தது தங்கப்புஷ்பத்தின் வயிற்றில் கட்டி வந்த பிறகுதான். அதற்கு முன்னால் வந்ததெல்லாம் வாக்குறுதி. ஊருக்கு அடியில் ஆளுயரக் குழாய் ஒன்று ஓடியது உண்மை. எங்கோ ஓர் ஆற்றில் வாயை வைத்துக் குடித்துவிட்டு எங்கோ இருக்கிற பட்டணத்தில் போய்த் துப்புகிற குழாய், எங்கள் உள்ளங்காலுக்குக் கீழே குபுகுபுவென்று போய்க்கொண்டே இருக்கும், மண்ணில் காதை வைத்தால் கேட்கும், கேட்டுக் கேட்டே ஊர் ஆண்கள் தாகத்தை அடக்கப் பழகியிருந்தார்கள். பெண்கள் பழகவில்லை. அவர்கள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு தார்ச்சாலையைத் தாண்டி, கருவேலங்காட்டைத் தாண்டி, மூன்று ஊர்க்காரர்கள் மயிரைப் பிடித்துச் சண்டை போடுகிற செங்குழிக் கிணற்றுக்குப் போய் வந்தார்கள்.

தங்கப்புஷ்பம் பஸ் ஸ்டாப்புக்கு எதிரே தையல் கடை வைத்திருந்தாள். அவள் தைத்த ஜாக்கெட் குடம் தூக்கினாலும் கக்கத்தில் பிரியாது, குனிந்து களை எடுத்தாலும் முதுகில் ஏறாது, பல வருஷம் கழித்துப் பிரித்துப் பார்த்தால் உள்ளே இன்னும் ஒரு சுற்றுக்குத் துணி விட்டு வைத்திருப்பாள், நீ பருக்கப் போகிறாய் என்பது உனக்கு முன்பே அவளுக்குத் தெரிந்திருக்கும். நாக்கும் கத்தரிக்கோலும் பக்கத்துப் பக்கத்தில் கிடந்ததால் இரண்டும் ஒரே கூர்மை. அவள் புருஷன் செண்பகராமன் மினி பஸ்ஸில் கண்டக்டர். பஸ்ஸில் நாள் முழுக்கக் கத்திவிடுவதால் வீட்டில் பேசுவதற்கு அவனிடம் மிச்சம் ஒன்றும் இருக்காது.

ஒரு பங்குனி மாதம் புஷ்பம் தனக்கே ஒரு பாவாடை வெட்ட அளவெடுத்தபோது வலப்பக்கம் ஒன்றும் இடப்பக்கம் ஒன்றுமாக டேப் காட்டியது. டேப்பைச் சந்தேகப்பட்டுப் புது டேப் வாங்கினாள். அதுவும் அதையே சொன்னது. இடது விலாவுக்குக் கீழே விரலை வைத்து அழுத்தினாள். உள்ளேயிருந்து ஒன்று திருப்பி அழுத்தியது.

அந்த வாரமே தையல் மெஷினுக்குப் பின்னால், சிமெண்டுத் தரையைப் பிளந்துகொண்டு ஒரு குழாய் முளைத்தது. கட்டைவிரல் கனம். பார்வைக்கு இரும்பு, தொட்டால் வெதுவெதுப்பு, முனையில் மொட்டு மாதிரி ஒரு திருகு. புஷ்பம் அதைத் திருகினாள். தண்ணீர் வந்தது, ஒரே ஓட்டமாக இல்லாமல் தக் தக்கென்று விட்டு விட்டு வந்தது. ஒரு கையைத் தண்ணீரிலும் ஒரு கையை நெஞ்சிலும் வைத்துப் பார்த்தாள், இரண்டும் ஒரே தாளத்தில் போயின. "சரிதான்" என்று சொல்லிவிட்டுக் குடத்தைக் கொண்டுவந்து வைத்தாள்.

அப்புறம் அது நிற்கவில்லை. பக்கத்து வீட்டுப் பேச்சித்தாயின் அடுப்படியில் ஒன்று எட்டிப் பார்த்தது, அவள் அதை முதலில் பாம்பென்று நினைத்து அகப்பையால் அடித்தாள், பிறகு மன்னிப்புக் கேட்டுக் குங்குமம் வைத்தாள். அங்கிருந்து ஒரு கிளை ரேஷன் கடைக்கு, அந்தக் கிளையிலிருந்து ஒரு கிளை மாதா கோயிலுக்கு, அதிலிருந்து நூல் மாதிரி ஒன்று பள்ளிவாசலுக்கு என்று மண்ணுக்கடியில் கிளைத்துக் கிளைத்துப் போனது. வடக்குத் தெருவுக்கும் கிழக்குத் தெருவுக்கும் நடுவே பெரியவர்கள் போட்டு வைத்திருந்த கோட்டை அது மதிக்கவில்லை. யார் வீட்டுக்குப் பிறகு யார் வீடு என்று அதற்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. பெரிய குழாயைப் பார்த்துக்கொள்கிற அதிகாரி ஒருவர் ரம்பத்தோடு வந்து ஒரு கிளையை அறுத்தார். அறுத்த நேரத்தில் புஷ்பம் மெஷின் மேல் மயங்கிச் சாய்ந்தாள், சாயங்காலத்துக்குள் அறுபட்ட இடத்தில் இரண்டு குழாய் முளைத்திருந்தன, ஒன்று அதிகாரியின் ஜீப்புக்குள் எட்டிப் பார்த்தது. அவர் முகம் கழுவிக்கொண்டு போய்விட்டார்.

ஊர் இதை ஒரு மாதத்தில் பழகிக்கொண்டது. பஞ்சாயத்துத் தலைவர் ஆவுடையப்பன் தன் பெயரைப் பெரிதாகவும் புஷ்பத்தின் பெயரைச் சிறிதாகவும் போட்டு ஒரு கல்வெட்டு வைத்தார். கானல்குளம் என்றதும் எழுந்து போய்விடுகிற பெண் வீட்டார் இப்போது காப்பி குடிக்கிற வரைக்கும் உட்கார்ந்தார்கள். கருவேல முள்ளைத் தவிர ஒன்றும் வளராத மண்ணில் வாழை வைத்தார்கள். கட்டிக்கு ஊர்க்கட்டி என்று பெயர் வந்தது. சித்திரைப் பொங்கலில் அதற்கும் ஒரு பானை வைத்தார்கள், புஷ்பம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பானைக்கு எதிரே நிற்க வேண்டியதாயிற்று, வெயிலில்.

ஒரு தொல்லைதான். தண்ணீரின் வேகம் புஷ்பத்தின் நெஞ்சைப் பொறுத்தது. அவள் தூங்கினால் சொட்டும், உட்கார்ந்து காஜா எடுத்தால் மெல்ல ஒழுகும், மாடிப்படி ஏறினால் கொட்டும். அவளுக்குக் கோபம் வந்தால் ஊர்க்கோடி வீட்டில்கூட பக்கெட் நிமிஷத்தில் நிறைந்துவிடும். இதைக் கண்டுபிடித்த அன்றிலிருந்து காலையில் ஊர் முறைவைத்துக்கொண்டு அவளோடு சண்டைக்கு வந்தது.

"ஏட்டி புஷ்பம், போன வருஷம் தச்ச ஜாக்கெட்டு இப்பவும் சரியா இருக்கு. நீ என்னத்தத் தச்ச?" என்பாள் ஒருத்தி.

"சரியா இருந்தா அதுக்கு எதுக்குட்டி சண்டை?"

"வேற காரணம் கிடைக்கல தாயி. கோவிச்சுக்கோ. அடுப்புல உலை வெச்சிட்டு வந்திருக்கேன்."

புஷ்பம் கோபப்பட்டாள். மனதாரத் திட்டினாள், அவளுக்குத் திட்டுவதற்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை, தெருத்தெருவாகக் குடங்கள் நிறைந்தன. மத்தியானம் அவள் கண் அசந்தால் யாராவது வந்து கதவைத் தட்டி, வீட்டில் மாட்டுக்குத் தண்ணீர் இல்லை, கொஞ்சம் மாடி ஏறி இறங்கு தாயி என்றார்கள். அவளும் ஏறி இறங்கினாள். ஏற ஏற அவள் கை மெலிந்தது, கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு வந்தது, ஊரோ கன்னத்தில் சதை வைத்துப் பளபளத்தது. தன் ஜாக்கெட்டையே அவள் வாரத்துக்கு வாரம் பிடித்துத் தைத்துக்கொள்ளும்படி ஆயிற்று. செண்பகராமன் அதைப் பார்த்தான். ஒரு நாள் மினி பஸ்ஸுக்கு லீவு போட்டுவிட்டு அவளை மதுரைக்கு ஓர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனான்.

அங்கே டாக்டர் நிலோஃபர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் மாட்டினார். இடது சிறுநீரகத்தை ஒட்டித் தேங்காய் அளவுக்குக் கட்டி. அதைச் சுற்றிக் குழாய் குழாயாக, கிளை கிளையாக, எண்ணி மாளாத கோடுகள். டாக்டர் பேச வாயெடுப்பதற்குள் செண்பகராமன் எழுந்துபோய் விரலை வைத்தான்.

"இது நம்ம ரூட்டுல்லா. இது பஸ் ஸ்டாப்பு. இது ரேஷன் கடை. இந்தா வளையுது பாருங்க, மாதா கோயில் திருப்பம்."

டாக்டர் அவனைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், அப்படியும் இருக்கலாம் என்பது போலத் தலையாட்டினார். ஆஸ்பத்திரியில் இருக்கிறவர்களுக்கு எதைக் கேட்டாலும் ஆச்சரியப்பட நேரம் இருக்காது.

"புஷ்பம்மா, கட்டி தானா வளராது. முதல்ல கடுகளவுதான் இருக்கும். அதுக்கு மேல வளர ரத்தம் வேணும், ரத்தம் வர குழாய் வேணும். அதனால பக்கத்துல ஓடுற ரத்தக் குழாய்க்கு ஆள் அனுப்பும், இந்தப் பக்கம் ஒரு கிளை போடு, அந்தப் பக்கம் ஒரு கிளை போடுன்னு. அதுவும் ஏமாந்து போடும். இப்ப உங்க சாப்பாட்டையெல்லாம் அது சாப்பிடுது."

"அது சாப்பிடுதா, ஊரு சாப்பிடுதா?" என்றாள் புஷ்பம்.

"ரெண்டும் ஒண்ணுதான் போலிருக்கு. நம்ம உடம்புலயே சில புரதம் இருக்கு. குழாய்கிட்ட போய், போதும், புதுக் கிளை போடாதேன்னு சொல்ற புரதம். அதை வெளியே செஞ்சு ஊசியில ஏத்திப் பாக்குறோம். இன்னும் ஆராய்ச்சியிலதான் இருக்கு. எல்லாருக்கும் கேட்கும்னு சொல்ல மாட்டேன். கட்டி செத்துரும்னும் சொல்ல மாட்டேன். பட்டினி கிடக்கும், சுருங்கும், கேட்டா தூங்கும். ஊசி போடுற காலத்துல புண்ணு சீக்கிரம் ஆறாது, கத்தரி, ஊசியெல்லாம் பாத்துப் புழங்கணும்."

"போடலன்னா?"

"அது வளரும். நீங்க கரைவீங்க."

"அப்ப போட்டுருவோம்" என்றாள். முதல் ஊசிக்கு நாள் குறித்துக்கொண்டு திரும்பினார்கள்.

செண்பகராமன் செய்த தப்பு, அந்த ஸ்கேன் படத்தை மினி பஸ்ஸின் முன்கண்ணாடியில் டிரைவர் கண்ணில் வெயில் படாமல் இருக்கச் சொருகி வைத்தது. வெயில் அதற்குப் பின்னால் அடித்ததும் ஊர் முழுக்கக் கண்ணாடியில் தெரிந்தது. பயணிகள் இறங்காமல் தங்கள் தங்கள் வீட்டைத் தேடினார்கள். "இந்தா எங்க மாட்டுக்கொட்டகை" என்றார் ஒருவர். தன் வீடு படத்தில் விழவில்லை என்று போஸ்ட்மாஸ்டர் கோபித்துக்கொண்டு, மறுபடி ஒரு படம் எடுக்க வேண்டும், இந்த முறை புஷ்பம் கொஞ்சம் வலப்பக்கம் சாய்ந்து படுக்க வேண்டும் என்றார். படம் எதற்கு எடுத்தது என்று யாரோ கேட்டார்கள். கண்டக்டருக்குப் பொய் சொல்லத் தெரியாது. ஊசி போட்டால் இந்தக் கோடெல்லாம் அழிந்துவிடும் என்று சொல்லிவிட்டான்.

ஊசி நாளன்று மினி பஸ்ஸின் சக்கரம் நாலும் காற்றிறங்கிக் கிடந்தன. மறுவாரம் சாலையின் குறுக்கே கருவேல முள்ளை வெட்டி அடுக்கியிருந்தார்கள். யாரும் புஷ்பத்தைத் தடுக்கவில்லை, எல்லாரும் அன்பாகத்தான் நலம் விசாரித்தார்கள், ஆனால் பஸ் மட்டும் நகரவில்லை. சுதந்திர தினத்தில் கிராம சபை கூடுகிறது, அதில் பேசி முடிவு செய்வோம் என்றார் ஆவுடையப்பன். ஒருத்தி உடம்பில் ஊசி போடலாமா என்பதைக் கையைத் தூக்கி முடிவு செய்கிற வழக்கம் அதற்கு முன்னால் எந்த ஊரிலும் கிடையாது. எங்கள் ஊரில் அதுவே முறையாகப்பட்டது.

கொடியேற்றி மிட்டாய் கொடுத்து முடிந்ததும் பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் கூடினார்கள். வேலைக்குத் திருப்பூர் போன ஆண்கள் போக மிச்ச ஆண்கள் நாற்காலியில், பெண்கள் வழக்கம்போலத் தரையில். புஷ்பம் முன்னால் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, வீணாக இருப்பானேன் என்று ஒரு ஜாக்கெட்டுக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தாள்.

"யாரும் தங்கச்சியச் சாகச் சொல்லல" என்று ஆரம்பித்தார் ஆவுடையப்பன். "கொஞ்சம் தள்ளிப் போடத்தான் சொல்லுதோம். இந்த வாழைய வெட்டுற வரைக்கும்."

"அப்புறம் கன்று வைப்பீக அண்ணாச்சி" என்றாள் புஷ்பம், தலையைத் தூக்காமல்.

போஸ்ட்மாஸ்டர் எழுந்தார். "கட்டி அவுக வயித்துல இருக்கலாம். குழாய் ஊர் மண்ணுல இருக்கு. அப்போ கட்டி யாருக்குப் பாத்தியம்ங்கிறத மொதல்ல பேசணும்."

இன்னொருவர் நடுநிலையாக ஒரு யோசனை சொன்னார்: வார்டு ஒதுக்கீடு மாதிரி சுழற்சி முறையில் கட்டியை வீட்டுக்கு வீடு மாற்றி வைக்க முடியுமா என்று அந்த மதுரை டாக்டரம்மாவிடம் கேட்டால் என்ன. நல்ல யோசனை என்று எல்லாரும் தலையாட்டினார்கள்.

"மொத சுத்து தலைவர் வீட்டுக்குப் போகட்டும்" என்றாள் புஷ்பம்.

அந்த யோசனை அதோடு உட்கார்ந்துவிட்டது.

ஊசி வேண்டாம் என்கிறவர்கள் கையைத் தூக்கலாம் என்றார் தலைவர். நாற்காலிகளிலிருந்து கைகள் எழுந்தன. தரையில் அசைவில்லை. புஷ்பம் தையலை நிறுத்திவிட்டுத் தரையைப் பார்த்தாள். அந்தத் தரையில்தான் அவளுடைய உயிர் கிடந்தது. நாளெல்லாம் கிணற்றுக்கு நடந்தவர்கள், இப்போதுதான் வீட்டில் கால் நீட்டி உட்காரக் கிடைத்தவர்கள். அவர்களைக் கேட்க அவளுக்கும் வாய் வரவில்லை.

பேச்சித்தாய் எழுந்து சேலையை இழுத்துச் செருகினாள்.

"கிணத்துக்கு நடந்த காலு இங்கதான் இருக்கு, எவனும் வெட்டிட்டுப் போகல. நடந்தவளுக்கு வழி தெரியும். தண்ணி இல்லாட்டிச் செத்துருவோம்னு நடக்காதவுகதான் கையத் தூக்கியிருக்காக. ஒரு நாளாவது செங்குழிக் கிணத்துலருந்து ஒரு குடம் சுமந்த ஆம்பள இங்க உண்டுன்னா அவர் வாயாலே ஊசி வேண்டாம்னு சொல்லட்டும், நான் கேட்டுக்கிடுதேன்."

நாற்காலிகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. தூக்கிய கைகள் சில தலையைச் சொறிவது போலக் கீழே வந்தன.

"இன்னொண்ணு. ஆவணி முகூர்த்தத்துக்கு என் மகளுக்குத் தைக்கக் குடுத்த துணியெல்லாம் இவகிட்டதான் கிடக்கு. அளவெடுத்த கை போயிருச்சின்னா எவ தைப்பா? டவுன்ல தச்சிக்கிட்டு வந்தாளே இந்த மூக்கம்மா மக, கையத் தூக்க முடியாம ரெண்டு நாளு பொம்மை மாதிரி நின்னா."

சிரிப்பு எழுந்தது, பிறகு அடங்கியது, ஒவ்வொருத்தியும் தன் துணியும் அங்கேதான் கிடக்கிறது என்று நினைத்துக்கொண்டாள் போலிருக்கிறது. அல்லது வேறு எதையோ நினைத்துக்கொண்டாள். மூக்கம்மா முதலில் கையைத் தூக்கினாள். அப்புறம் தரை முழுக்கக் கையாக இருந்தது, தண்ணீர் சுமந்து காய்த்த கைகள், ஊசி போடு, ஊசி போடு என்று. செண்பகராமன் தூரத்தில் நின்று மினி பஸ்ஸுக்குக் காற்றடிக்க ஆரம்பித்தான்.

முதல் ஊசிக்குப் பிறகு குழாய்கள் யோசித்தன. அடுத்த அடுத்த ஊசிகளுக்குப் பிறகு மெலிந்தன. விருந்துக்கு வந்தவர் விடைபெறுவது போல முதலில் ஊர்க்கோடியில் ஒன்று மண்ணுக்குள் இறங்கியது, பிறகு ரேஷன் கடையில் ஒன்று, பிறகு மாதா கோயிலில். பேச்சித்தாய் தன் வீட்டுக் குழாய்க்கு அது போகும்போது கொஞ்சம் பாயசம் ஊற்றினாள். வாழைகள் முழங்கால் மடித்து விழுந்தன. பெண்கள் பரணிலிருந்து பழைய குடங்களை இறக்கி, சிலந்தியைத் துடைத்துவிட்டு, தார்ச்சாலையைத் தாண்டினார்கள். புஷ்பத்தை மட்டும் நடக்க விடவில்லை. அவளுக்கொரு குடம் தினமும் கதவோரம் வந்து உட்கார்ந்தது, யார் வைத்தது என்று யாரும் சொல்லவில்லை. அவள் கையில் சதை வந்தது. ஒருதரம் தையல் ஊசி விரலில் ஏறி, ஆற நாளாயிற்று, அவ்வளவுதான். காலையில் தெரு அமைதியாக இருப்பதுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை.

"ஏன், ஒருத்தியும் சண்டைக்கு வர மாட்டேங்கா?" என்று கேட்டாள். மறுநாள் மரியாதைக்காக மூக்கம்மா வந்து கொஞ்ச நேரம் திட்டிவிட்டுப் போனாள்.

மார்கழியில் அடுத்த ஸ்கேன். தேங்காய் எலுமிச்சையாகியிருந்தது. ஆனால் டாக்டர் நிலோஃபருக்குத் திருப்தியில்லை. "இதுக்குக் கீழே இறங்க மாட்டேங்குது. பாருங்க, எல்லாக் குழாயும் போயிருச்சு, இந்த ஒண்ணே ஒண்ணு மட்டும் நல்லாக் கொழுத்து உக்காந்திருக்கு. இது இருக்கிற வரைக்கும் அது திரும்பக் கிளம்பும்."

செண்பகராமன் படத்தருகே போனான். ஒருதரம்தான் பார்த்தான். "தலைவர் வீட்டு ஸ்டாப்பிங்" என்றான்.

பஸ்ஸிலிருந்து இறங்கியதும் இருவரும் நேரே ஆவுடையப்பன் வீட்டுக்குப் போனார்கள். எங்கள் பக்கத்தில் படியேறி வந்தவர் யாராக இருந்தாலும், கடன்காரனோ கோர்ட்டில் எதிராளியோ, முதலில் ஒரு செம்புத் தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் என்ன விஷயம் என்று கேட்க வேண்டும். தண்ணீர் இல்லாத ஊரில் அது இரண்டு மடங்கு கட்டாயம். கொடுக்காதவன் வீட்டில் அப்புறம் யாரும் கை நனைக்க மாட்டார்கள். ஆவுடையப்பன் புஷ்பத்தைப் பார்த்தார், வீட்டுக்குள் பார்த்தார், வேட்டியைச் சரிசெய்தார், மறுபடி புஷ்பத்தைப் பார்த்தார். அவருக்குள்ளே பெரிய கிராம சபை ஒன்று நடந்து முடிந்தது.

"சிவகாமி" என்று உள்ளே குரல் கொடுத்தார். "தண்ணி கொண்டா."

அவர் மனைவி சிவகாமி செம்பைக் கொண்டுவந்து நீட்டினாள், கண்ணை நிமிர்த்தவில்லை. செம்பு வெதுவெதுப்பாக இருந்தது. உள்ளே தண்ணீர் தக் தக்கென்று வட்டம் போட்டது. புஷ்பம் ஒரு கையைச் செம்பிலும் ஒரு கையை நெஞ்சிலும் வைத்துப் பார்த்தாள். அப்புறம் ஒரு மடக்குக் குடித்தாள்.

"உப்பு கூடியிருக்கு அண்ணாச்சி."

ஆவுடையப்பன் எதிரே உட்கார்ந்துவிட்டார். மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் வைக்கோல் போரை ஒதுக்கினால் குழாய் இருக்கிறது. தினமும் ஈரத்துணி சுற்றி, விளக்கெண்ணெய் தடவி, அமாவாசைக்குப் பால் ஊற்றி வளர்த்திருக்கிறார். ஊசி ஊரிலிருந்த குழாய்களிடமெல்லாம் போதும் என்று சொல்லிக்கொண்டு வந்தபோது, இவர் இந்த ஒன்றின் காதில் மட்டும் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார்.

"ஒரே ஒரு குடம்தான் தாயி எடுத்தேன்" என்றார். "ஒரு நாளைக்கு ஒரு குடம். அதுக்கு மேல தொட்டதில்ல."

"அதுவும் மொதல்ல ஒரு குடம்னுதான் கேட்டிருக்கும்" என்றாள் புஷ்பம், விலாவைத் தொட்டுக்கொண்டு.

கொட்டகைக்குப் பின்னால் போனார்கள். குழாய் புஷ்பத்தை அறிந்துகொண்டதுபோல ஒருமுறை துள்ளியது. நல்ல குழாய், கன்றுக்குட்டிக் கழுத்துக் கனத்துக்கு மினுமினுவென்று இருந்தது.

"நான் தொடப்பிடாது, கையில கிழிச்சா ஆறாது. நீங்களே மூடுங்க."

அவர் இரண்டு கையாலும் திருகைப் பிடித்தார். அது திரும்ப மறுத்தது, அவர் முழங்காலை ஊன்றிக்கொண்டு, முகம் சிவக்க, போதும், போதும் என்று சொல்லிச் சொல்லித் திருகினார், அந்தச் சொல் அவருக்குப் பழக்கமில்லாததால் ஆரம்பத்தில் வாயில் சிக்கியது. புஷ்பம் கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தாள். செண்பகராமன் அவள் தோளைப் பிடித்துக்கொண்டான். தண்ணீர் மெலிந்து, சொட்டி, நின்றது. குழாய் சுருங்கி வாழைநார் கனமாகி, மண்ணுக்குள் வாலை இழுத்துக்கொண்டு போனது.

புஷ்பம் நின்றுகொண்டிருந்தாள். மூச்சு விட்டுப் பார்த்தாள், வந்தது. செம்பில் மிச்சமிருந்த தண்ணீர் துடிப்பதை நிறுத்திவிட்டிருந்தது. கானல்குளத்தில் தண்ணீரைக் கீழே ஊற்றுகிற வழக்கமில்லை. அவள் அதைக் குடித்து முடித்துவிட்டுச் செம்பைக் கொடுத்தாள்.

சிவகாமி உள்ளே போய், சாயங்காலக் கிணற்றுக்குக் குடத்தை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"அத அண்ணாச்சிகிட்ட குடுங்க மதினி" என்றாள் புஷ்பம்.

ஆவுடையப்பன் வாங்கிக்கொண்டார். எந்தப் பக்க இடுப்பில் வைக்க வேண்டும் என்று மட்டும் கேட்டார்.